மறைத்த மூன்று அளவுகள்

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு எங்கள் கண் மருத்துவமனைக்குப் புது இயந்திரம் ஒன்று வந்தது. நோயாளி அதில் தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி உட்கார்ந்தால் போதும். கருவிழியின் வளைவு, கண்ணின் நீளம், கண்புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்க வேண்டிய லென்ஸின் பவர் எல்லாவற்றையும் ஒரு நிமிடத்தில் திரையில் காட்டிவிடும். அளவு நம்பும்படி இருந்தால் பச்சை எரியும், சந்தேகம் இருந்தால் மஞ்சள். என் இடத்துக்கு வரவிருந்த நிஷாந்தி ஒரு பெரியவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் மஞ்சள். ஐந்தாவது தடவை பச்சை வந்ததும் பிரிண்ட் எடுத்துக் கேஸ் ஷீட்டில் வைத்தாள்.

"நாலு தடவை மஞ்சள் வந்துச்சே, அதை எங்க எழுதின?" என்று கேட்டேன்.

"அதான் பச்சை வந்துடுச்சே அக்கா," என்றாள்.

அவள் கெட்டிக்காரி. நோயாளிகளிடம் எரிந்து விழுந்து நான் பார்த்ததில்லை. அன்று வெளியே பெரிய வரிசை வேறு. அதட்டலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இந்த விஷயத்தில் ஒருவரை அதட்டுகிற தகுதி எனக்கு இல்லை. "அந்தப் பெரியவரோட ஆபரேஷனை மூணு வாரம் தள்ளணும்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டு வா. ஏன்னு உனக்கு எழுதித் தரேன்," என்றேன். சொன்னேனே தவிர, எழுத உட்கார ஆறு மாதம் ஆகிவிட்டது.

எனக்கு ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். அப்பாவுக்குப் பண்ணை வேலை, அம்மாவுக்கு நடவு வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, கண் பரிசோதகர் படிப்பு இரண்டு வருடம் படித்து, தஞ்சாவூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கண்ணுக்குக் கண்ணாடி எழுதுவது, ஆபரேஷனுக்கு முன் அளவு எடுப்பது, பின்னர் சொட்டு மருந்து விடுவது எல்லாம் என் வேலை. நான் நர்ஸ் இல்லை. ஆனாலும் நோயாளிகளுக்கு வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண்கள் எல்லாரும் சிஸ்டர்தான். எஸ்தர் என்ற என் பெயர் டாக்டர்களுக்கு மட்டுமே தெரியும்.

நான் சேர்ந்த ஐந்தாறு வருடங்களில் அந்த வேலையே வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பெல்லாம் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள். பிறகு கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் முறை வந்தது. முதலில் வெளிநாட்டு லென்ஸ், அப்புறம் நம் நாட்டிலேயே செய்த லென்ஸ். அதே வருடங்களில்தான் ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் முளைத்தது. வீட்டுக்கு ஒரு பையன் சிங்கப்பூருக்கோ குவைத்துக்கோ போனான். இலவச முகாமுக்குப் பேருந்தில் ஏறி வந்த அதே குடும்பங்கள், மகன் லீவில் வரும்போது காரில் வந்து இறங்கி, "லென்ஸ் வைக்கிற ஆபரேஷன்தான் வேணும்" என்று கேட்டார்கள். அதில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். ஆனால் ஆபரேஷன் தேதியை முடிவு செய்தது கண் அல்ல, மகனின் திரும்பும் டிக்கெட். எங்களுக்குள் அதற்கு 'லீவு கேஸ்' என்று பெயர். பொங்கல் கழிந்த இரண்டு வாரமும் வரிசை முழுக்க லீவு கேஸாகத்தான் இருக்கும்.

கருவிழியின் வளைவை அளக்க அப்போது கையால் திருகுகிற ஒரு கருவி இருந்தது. அதன் வழியே பார்த்தால் நோயாளியின் கருவிழிமேல் மூன்று வெளிச்ச வளையங்கள் தெரியும். வளையங்களின் ஓரத்தில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இருக்கும். திருகுகளைத் திருப்பி, கூட்டலைக் கூட்டல்மேலும் கழித்தலைக் கழித்தல்மேலும் பொருத்த வேண்டும். பொருந்தியதும் திருகில் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு இப்படி மூன்று முறை.

உண்மையில் நாம் அதில் பார்ப்பது கருவிழியை அல்ல, அதன்மேல் படிந்திருக்கும் கண்ணீரை. கண்ணீர் ஒழுங்காகப் படிந்த கண்ணில் வளையம் வரைந்து வைத்ததுபோல் நிற்கும். வறண்ட கண்ணில், இமைத்த உடனே ஒரு நொடி தெளிவாகத் தெரிந்துவிட்டு, ஓரம் பிய்ந்து, நெளிந்து, கலைந்துபோகும். கலைந்த வளையத்தில் படித்த எண்ணை நம்பி லென்ஸ் வைத்தால் பவர் தப்பும். அதையாவது கண்ணாடி போட்டுச் சரிக்கட்டலாம். வறண்ட கண்ணை அறுப்பதால் வருவதுதான் பெரிய தொல்லை. கருவிழியின் நரம்புகள் வெட்டுப்படும், உணர்ச்சி குறையும், இமைப்பது குறையும். போதாததற்கு, ஆபரேஷனுக்குப் பின் விடுகிற சொட்டு மருந்துகளில் கெட்டுப்போகாமல் இருப்பதற்காகக் கலக்கிற ரசாயனமே கண்ணை இன்னும் காய வைக்கும். இதையெல்லாம் நான் வகுப்பில் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன்.

எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் கோதண்டம். ஒல்லியான மனிதர், குரல் உயராது. அளவு எடுக்கும் அறைக்குள் நுழைந்ததும் முதலில் ஃபேனை நிறுத்துவார். சித்திரை வெயிலானாலும் நிறுத்துவார், காற்று பட்டால் கண் காயும் என்று. நோயாளியின் இமையைத் தொடுமுன் தன் விரல்களைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கேஸ் ஷீட்டில் கொட்டை எழுத்தில் 'வலது' என்று இருந்தாலும், "எந்தக் கண்ணுக்கு வந்திருக்கீங்க?" என்று நோயாளியின் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள்வார். அளவு எடுப்பவர்களிடம் அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு. மூன்று அளவும் ஒத்துவராவிட்டால் சராசரி போடக் கூடாது. மூன்றையும் அப்படியே எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட வேண்டும். கேள்விக்குறியைப் பார்த்தால் ஆபரேஷனை நிறுத்தி, காரணத்தைத் தேடிவிட்டு, மூன்று வாரம் சொட்டு மருந்தும் வெந்நீர் ஒத்தடமும் சொல்லி அனுப்புவார்.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த ஒருவர், "மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சார்," என்று சொல்லிவிட்டார். டாக்டர் கேஸ் ஷீட்டைத் திருப்பிக் கொடுத்து, "கிட்டத்தட்டன்னு ஒரு லென்ஸ் ஸ்டோர்ல இருக்கான்னு பாத்துட்டு வாங்க. இருந்தா வச்சிடலாம்," என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

அஞ்சம்மாள் வந்தது ஒரு தை மாதம், பொங்கல் கழிந்த வாரம். பாபநாசத்துக்குப் பக்கத்து ஊர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். நடவு வேலை செய்பவர். கணவர் காலமாகிவிட்டார். கூட வந்தவர் மகன் முருகேசன், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. மூன்று வருடம் கழித்து ஒரு மாத லீவில் வந்திருந்தார். அஞ்சம்மாளுக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்தது, இடது கண்ணிலும் பாதி மங்கல்.

"கண்ணுல மண்ணு விழுந்த மாதிரியே உறுத்துதுங்க," என்றார்.

"எத்தனை நாளா?"

"அது கெடக்கு, ரொம்ப நாளா. வயல்ல சேறு தெறிக்கும், தூசி விழும். அதையெல்லாம் பாத்தா முடியுமா?"

பேச்சுக்கு நடுவே மகன் பக்கம் கையை நீட்டினார். முருகேசன் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தார். ஒரு மடக்குக் குடித்துவிட்டுத்தான் அஞ்சம்மாளால் அடுத்த வார்த்தை பேச முடிந்தது. "எங்கம்மாவுக்குப் பாட்டில் இல்லாம நடக்காது சிஸ்டர். ரெண்டு இட்லி திங்க அரைச் சொம்புத் தண்ணி வேணும்," என்று மகன் சிரித்தார். நானும் சிரித்தேன். அஞ்சம்மாளின் விரல் மூட்டுகள் வீங்கியிருந்ததையும் பார்த்தேன். நடவாள் கை, என் அம்மாவின் விரல்களும் இப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன். தெரிந்த கை என்பதாலேயே நான் அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அளவு எடுத்தேன். வளையம் நிற்கவில்லை. மூன்று முறை எடுத்தேன், மூன்றும் மூன்று எண். ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, மூன்று வாரம் மருந்து விட்டுவிட்டு மறுபடி வரச் சொன்னேன்.

"மூணு வாரமா? எனக்கு இன்னும் பத்தொம்பது நாள்தான் இருக்கு சிஸ்டர்," என்றார் முருகேசன்.

"நீங்க இல்லாட்டியும் பண்ணிக்கலாங்க. சொந்தக்காரங்க யாராவது கூட இருந்தா போதும்."

"யாரு இருக்கா? அக்காவை நாகூர்ப் பக்கம் கட்டிக் குடுத்திருக்கு. அது கைப்புள்ளக்காரி." அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் வந்த அன்னைக்கு வாசல்ல நிக்கிறேன், யாருப்பா அதுன்னு கேக்குது. கிட்ட வந்து மூஞ்சியத் தடவிப் பாத்துட்டுத்தான் அழுதுச்சு. நான் போறதுக்குள்ள ஒரு தடவை என்னைக் கண்ணால பாத்துடட்டும் சிஸ்டர். அடுத்து எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது."

அவர் மிரட்டியிருந்தால் நான் மசிந்திருக்க மாட்டேன். மிரட்டுகிறவர்களை எங்களுக்குப் பழக்கம்தான். இது வேறு மாதிரி இருந்தது. அஞ்சம்மாளை உட்கார வைத்து, கண்ணை ஈரமாக்கும் சொட்டு மருந்தை விட்டு, பத்து நிமிடம் மூடி வைத்திருக்கச் சொன்னேன். திறந்ததும் உடனே அளந்தேன். இரண்டு தடவை ஒரே எண் வந்தது. மூன்றாவது தடவை எடுக்கவில்லை, எடுத்தால் என்ன வருமோ என்று பயம். இரண்டாவது எண்ணையே மூன்றாவதாகவும் எழுதினேன். முதலில் எடுத்த மூன்று அளவுகள் இருந்த துண்டுச் சீட்டைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

கேஸ் ஷீட் டாக்டரிடம் போனபோது அதில் கேள்விக்குறி இல்லை. அன்று அவருக்கும் தலைக்கு மேல் கூட்டம். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்து, 'லேசான வறட்சி' என்று எழுதி, நான்காம் நாள் தேதி கொடுத்தார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அஞ்சம்மாள் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழித்து, எதிரே நின்ற மகனை வெகுநேரம் பார்த்தார்.

"என்னடா இப்படிக் கறுத்துப் போயிட்ட? அங்க சோறு போடுறானா இல்லியா?"

வார்டே சிரித்தது. முருகேசன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போகும்போது என் முன்னால் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் செய்தது சரிதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. அதை இங்கே எழுதாமல் விட்டால் மறுபடியும் ஒன்றை மறைத்தவள் ஆவேன்.

மகன் விமானம் ஏறிய அடுத்த வாரம், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அஞ்சம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். முந்தானையை நாலாக மடித்து வலது கண்ணில் அழுத்திப் பிடித்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொளகாய அரைச்சுத் தேச்ச மாதிரி எரியுதுங்க. பார்வையும் போச்சு."

பையைக் கொட்டிக் காட்டச் சொன்னேன். நாங்கள் கொடுத்த சொட்டு மருந்துகள் இருந்தன. கூடவே ஒரு புது பாட்டில். எரிச்சல் தாங்காமல் மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொல்ல, வலிக்கு என்று கொடுத்த சொட்டு மருந்தாம். ஒரு நாளைக்கு நாலு வேளை விட்டிருக்கிறார். நலிந்த கருவிழியை அந்த மாதிரி மருந்து அரித்துவிடும். சாயத் தாளைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் நடுவில் பச்சையாக ஒரு திட்டு, மிளகு அளவு. மேல்தோல் உரிந்துபோன இடத்தில்தான் சாயம் அப்படி ஏறும். டாக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் ஃபேனை நிறுத்தினார். விரல்களைத் தேய்த்துக்கொண்டார். நெடுநேரம் பார்த்தார். கருவிழி மெலிய ஆரம்பித்திருந்தது, இன்னும் மெலிந்தால் ஓட்டை விழும். அஞ்சம்மாளை வார்டில் சேர்க்கச் சொல்லி அனுப்பிவிட்டு, கேஸ் ஷீட்டின் பழைய பக்கத்தைத் திருப்பினார்.

"மூணு அளவும் இவ்வளவு சுத்தமா ஒத்து வந்திருக்கு. இந்தக் கண்ணுல இது வராதே எஸ்தர். அன்னைக்கு வளையம் எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். துண்டுச் சீட்டு, பத்து நிமிடம், எடுக்காத மூன்றாவது அளவு, எல்லாவற்றையும் சொன்னேன். என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்க மறைச்சீங்க. நான் பாக்கல. ரெண்டும் வேற வேற தப்பு. உங்களுதை நீங்க எழுதுங்க, என்னுதை நான் எழுதுறேன்."

கேஸ் ஷீட்டை என் பக்கம் தள்ளினார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே அவர் எழுதினார்: 'உறுத்தல் என்று நோயாளி சொல்லியிருந்தும் சாயச் சோதனை செய்யவில்லை. கண்ணீர் அளவு பார்க்கவில்லை. என் தவறு.' பேனாவை மூடினார். "இப்ப கண்ணைக் காப்பாத்துற வழியப் பாப்போம்," என்றார்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்தபோது அஞ்சம்மாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு விள்ளல், ஒரு மடக்குத் தண்ணீர். மறுபடி ஒரு விள்ளல், ஒரு மடக்குத் தண்ணீர். டாக்டர் கட்டிலருகே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாய் எத்தனை நாளா இப்படி வறளுதும்மா?"

"அஞ்சாறு வருஷமா இருக்குங்க. அதுக்கும் கண்ணுக்கும் என்னங்க?"

டாக்டர் அவருடைய கையை வாங்கி, விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு கீழ் இமை ஓரத்தில் ஒரு மெல்லிய காகிதப் பட்டையை மாட்டிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். நல்ல கண்ணில் கண்ணீர் அந்தப் பட்டையில் பாதிக்கு மேல் ஊறியிருக்கும். அஞ்சம்மாளுக்கு நுனி மட்டும் நனைந்திருந்தது. உடம்பே தன் கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் எதிரியாக நினைத்துத் தாக்குகிற மூட்டு நோய் அது. இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. பாட்டிலையும் விரல்களையும் நான் முதல் நாளே பார்த்திருந்தேன்.

அந்தக் கண்ணுக்காக டாக்டர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடையில் வாங்கிய மருந்தை நிறுத்தினார். ரசாயனம் கலக்காத களிம்பு மட்டும் கொடுத்தார். கண்ணின் மூக்கோரத்தில் கண்ணீர் வடிந்துபோகும் சிறு துளைகள் உண்டு, இருக்கிற கொஞ்சக் கண்ணீரும் போய்விடாமல் அவற்றைச் சுட்டு அடைத்தார். இமைகளின் வெளி ஓரத்தைத் தைத்து, கண்ணைப் பாதி மூடி வைத்தார். மூட்டு நோய்க்கு வேறு ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். நான் பழைய எக்ஸ்ரே பிலிமைக் கழுவி, வட்டமாக வெட்டி, புனல் மாதிரி மடித்து, காற்றுப் படாதபடி கண்ணின்மேல் ஒட்டினேன்.

ஒட்டி முடித்ததும் அஞ்சம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். அளவு சரியில்லை என்று தெரிந்தும் எழுதாமல் விட்டேன், எழுதியிருந்தால் ஆபரேஷன் அப்போது நடந்திருக்காது என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"அவன் மூஞ்சியப் பாத்தேன், சரி. இப்ப அவனும் இல்ல, கண்ணும் இல்ல. மருந்து போடணும்னா போடுங்க. பேசாதீங்க," என்றார்.

மூன்று வாரம் வார்டில் இருந்தார். தினமும் நாலு வேளை களிம்பு போட்டேன், பேசவில்லை.

முருகேசன் ஒரு நாள் ஆஸ்பத்திரி நம்பருக்கே போன் செய்தார். பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். "சிஸ்டர், அம்மாவுக்கு என்னாச்சு?" என்றார். அவரிடமும் சொன்னேன்.

"நான்தானே சிஸ்டர் அவசரப்படுத்தினேன்."

"இல்லங்க. நீங்க கேட்டீங்க. கேக்கலாம். முடியாதுன்னு சொல்றதுக்குத்தான் என்னை அங்க உக்கார வச்சிருந்தாங்க."

அம்மா சாப்பிடுகிறாரா என்று கேட்டார். சாப்பிடுகிறார் என்றேன். வைத்துவிட்டார்.

ஓட்டை விழவில்லை. ஏழு வாரத்தில் புண் ஆறியது. ஆனால் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு இனி வெளிச்சமும் நிழலும் ஆள் நடமாட்டமும் தெரியும், அவ்வளவுதான். அஞ்சம்மாள் வீட்டுக்குப் போன பிறகு, சனிக்கிழமைகளில் நான் ஊருக்குப் போகிற வழியில் பாபநாசத்தில் இறங்கி, அவர் வீட்டுக்குப் போய்க் கண்ணைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிப்பேன். கதவைத் திறப்பார், கண்ணைக் காட்டுவார், கதவை மூடுவார். இடது கண்ணிலும் புரை ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேச எனக்கு வாயும் இல்லை, உரிமையும் இல்லை.

அந்தக் கார்த்திகையில் அவரே வந்தார். தனியாக, பேருந்து மாறி, மழையில். என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சம்பா நடவுக்குப் போயிருந்தேன். என் வரிசை கோணிடுச்சு. எனக்குத் தெரியல. திரும்பிப் பாத்தா, எனக்குப் பின்னாடி ஒருத்தி நான் நட்டதைப் பிடுங்கி நட்டுக்கிட்டு வரா. யாரும் ஒரு வார்த்தை சொல்லல." தண்ணீர் குடித்தார். "நாப்பது வருஷமா என் வரிசையில யாரும் கை வச்சதில்ல சிஸ்டர். இந்தக் கண்ணைப் பண்ணிவிடுங்க."

டாக்டர் கோதண்டம் அவரிடம் எதையும் மூடி மறைக்கவில்லை. பண்ணினால் அந்தக் கண்ணுக்கு ஆனது இதற்கும் ஆகலாம் என்றார். பண்ணாவிட்டால் இருட்டுதான் என்றும் சொன்னார். கண்ணைத் தயார்ப்படுத்த மாதக்கணக்கில் ஆகும், இரண்டு தனித்தனி நாளில் அளவு ஒத்து வந்து, சாயத்தில் ஒரு பொட்டுப் பச்சையும் இல்லாமல் இருந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்றார். அஞ்சம்மாள் தலையாட்டினார். "குறுவை நடவுக்குள்ள ஆயிடுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இடது கண்ணின் துளைகளையும் அடைத்தோம். ரசாயனம் கலக்காத சொட்டு மருந்து அப்போது தஞ்சாவூரில் கிடைக்காது. சென்னையிலிருந்து பேருந்து பார்சலில் வரவழைத்தோம். தையில் அளந்தேன், ஒத்து வரவில்லை. பங்குனியில் வருகிற மாதிரி இருந்தது. வயிறு எரிகிறது என்று அஞ்சம்மாள் மூட்டு மாத்திரையை இடையில் நிறுத்திவிட்டார். சித்திரையில் மறுபடி மோசமாகிவிட்டது. மாத்திரையை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று எண்களையும் எழுதிக் கேள்விக்குறி போட்டேன். டாக்டர் ஒவ்வொரு கேள்விக்குறியையும் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆனி மாதம் அஞ்சம்மாள் வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. புடவை ஓரத்தில் ஈரச் சேறு. அளந்து முடித்ததும் என் முகத்தையே பார்த்தார்.

"வந்துச்சா?"

முதல் இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது கொஞ்சம் விலகியிருந்தது, கொஞ்சம்தான்.

"வரலங்க," என்றேன்.

"எல்லாரும் வயல்ல நிக்கிறாங்க. அன்னைக்கு அவன் கேட்டதுக்குக் குடுத்தீங்க. இன்னைக்கு நான் கேக்குறேன், மாட்டேங்குறீங்க."

"மாட்டேங்க," என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். வராண்டாவில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. என் வேலைக் காலம் முழுவதிலும் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்த ஒரு சொல் அதுதான். அந்த வருடக் குறுவை நடவு அவருக்கு இல்லாமலே போயிற்று.

ஆடி மாதக் கடைசியில் மூன்றும் ஒத்து வந்தன. பத்து நாள் கழித்து இன்னொரு முறை எடுத்தேன், அதே எண். சாயத்தில் பச்சை இல்லை. காகிதத்தை டாக்டரிடம் நீட்டினேன். அவர் நம்பாமல் தானே வந்து உட்கார்ந்து இன்னொரு முறை அளந்து பார்த்தார். கேஸ் ஷீட்டில் தேதி எழுதினார்.

ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நாள் வார்டிலேயே வைத்துக்கொண்டோம். மருந்து குறைவாக, களிம்பு நிறைய. ஒவ்வொரு காலையும் சாயம் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள். கருவிழி தெளிந்த நீர் மாதிரி கிடந்தது. ஆறாவது வாரம் எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரி வரை படித்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் எழுத்துக்குப் பதில் 'E' மாதிரி ஒரு சின்னம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்வோம். ஒவ்வொன்றுக்கும் கையை விறைப்பாக நீட்டிக் காட்டினார்.

அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷனுக்கு வருகிற எல்லாருக்கும் சாயமும் காகிதப் பட்டையும் கட்டாயம் ஆயிற்று. வாய் வறளுகிறதா, மூட்டு வலிக்கிறதா, கடையில் வாங்கி என்ன சொட்டு விடுகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளும் அச்சாகிவிட்டன. லீவு கேஸ்கள் சண்டை போட்டன. சிலர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் கோதண்டம் அவர்களைத் தடுக்கவில்லை.

அடுத்த வருடக் குறுவையின்போது கண் சோதனைக்கு அஞ்சம்மாள் வரவில்லை. சனிக்கிழமை ஊருக்குப் போகும் வழியில் இறங்கினேன். வீடு பூட்டியிருந்தது. வயலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். வரப்பில் நடந்து போனேன். பதினைந்து பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். வெயிலுக்கு முக்காடு போட்டிருந்ததால் ஆள் அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நடுவில் ஒருவர் நிமிராமலே, "வரிசையை முடிச்சிட்டு வரேன், நில்லுங்க," என்றார்.

நின்றேன். முடித்துவிட்டு வந்தார். கையைக் காலில் துடைத்துக்கொண்டு, வரப்பில் ஏறி, முக்காட்டைத் தள்ளினார். டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கண் நன்றாக இருந்தது, கொஞ்சம் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்தேன். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

"சீக்கிரம் ஊத்துங்க சிஸ்டர், நாத்து காயுது," என்று தலையை அண்ணாந்தார்.

இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு விட்டேன். "இப்ப மூடிக்குங்க, நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க," என்றேன். வயலில் இருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். நான் நூறு வரை எண்ணி முடிக்கும்வரை, கண்ணை மூடியபடி அந்த வரப்பின்மேல் அசையாமல் நின்றார்.